ஈறு மூடும் வரை

பல் டாக்டர் தம் தொழில் காலத்தில் பிடுங்கிய பற்களையெல்லாம் ஒரே இடத்தில் கொட்டியிருந்தால் அவர் ஆஸ்பத்திரி இருந்த தெருவுக்குள் பஸ் நுழைந்திருக்க முடியாது. இதை அவரே சொல்லுவார். கேட்பவர் அசரவில்லை என்றால் பஸ்ஸை லாரியாக்குவார், அப்போதும் அசரவில்லை என்றால் ரயிலாக்குவார். ஊரில் போலீஸ் அதிகாரி முதல் பிக்பாக்கெட் வரை அவர் முன்னால் வாயைப் பிளக்காத ஆளில்லை. ஒரே நாளில் இரண்டு பேரும் அடுத்தடுத்து வந்து, ஒருவர் வலிக்கு இன்னொருவர் ஆறுதல் சொன்ன கதைகூட அவரிடம் உண்டு. திறக்காத வாய் ஒன்றே ஒன்றுதான். அது அவர் வீட்டிலேயே இருந்தது.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டிலும் வெளியிலும் அவளுக்கு டீச்சர் என்றுதான் பெயர். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார். விசில் தேவைப்படாத குரல். அவள் 'நில்' என்றால் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் மட்டுமல்ல, மதிலுக்கு வெளியே போகிற சைக்கிள்காரரும் ஒரு காலைத் தரையில் ஊன்றிவிடுவார். கல்யாணமான புதிதிலேயே அவள் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டாள்: சமையலறையில் யாரோடு சண்டை போடுகிறேனோ அந்த ஆளிடம் மல்லாந்து படுத்து வாயைத் திறந்து காட்ட என்னால் ஆகாது. பல் வலித்தால் தெருவைக் கடந்து, இவருடைய ஆஸ்பத்திரிக்கு நேரெதிரே இருந்த இன்னொரு பல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். அதுவும் இவர் ஜன்னல் வழியாகப் பார்க்கும்படி, கையை வீசி நடந்து போவாள். அந்த டாக்டருக்கு இவர் வைத்த பெயர் எதிர்க்கடை. எதிர்க்கடை அடைத்த பல் எப்படி இருக்கிறது என்று இவர் குத்தலாகக் கேட்பார். பேசாமல் இருக்கிறது, உங்களை மாதிரி இல்லை என்பாள் அவள்.

டீச்சருக்கு மார்பில் கட்டி வந்தது. ஆபரேஷன் ஆனது, கதிர்வீச்சு ஆனது, இனிமேல் ஒன்றுமில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்டு ஓரிரு வருடம் கூட ஆகவில்லை, அது கல்லீரலில் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டியது. பெரிய ஆஸ்பத்திரியில் அவளைப் பார்த்தது ஒரு இளவயது டாக்டரம்மா. நிதானமாகப் பேசுகிறவர். அவர்தான் விளக்கினார்: கட்டி மிகச் சின்னதாக இருக்கிறவரை பக்கத்தில் கசிவதைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும். கொஞ்சம் பெருத்துவிட்டால் அது போதாது. மூச்சு முட்டும். அப்போது அது ஒரு பொருளைச் சுரந்து வெளியே விடும். வளர்ச்சிக் காரணி என்பார்கள். அது போய்ப் பக்கத்து ரத்தக் குழாய்களைத் தொட்டால், அவை கிளைவிட்டுக் கட்டியை நோக்கி வளர ஆரம்பிக்கும். கட்டிக்கென்று சொந்தமாக ரத்த ஓட்டம் வந்துவிடும். இப்போது வாராவாரம் ஏற்றுகிற மருந்து தனியாகத் தடுமாறுகிறது. அதோடு புது மருந்து ஒன்றைச் சேர்க்கலாம். அந்த மருந்து ரத்தத்தில் சுற்றுகிற காரணியை வழியிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். குழாய் வளராது. நோய் போய்விடும் என்று சொல்லமாட்டேன், பிடித்து நிறுத்திவைக்கலாம் என்றார்.

டீச்சர் அன்று ஆஸ்பத்திரிப் படியை இரண்டிரண்டாக இறங்கினாள். பல் டாக்டரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வாசல் காவலாளியிடம் மருந்து கட்டிக்குத் தண்ணீர் நிறுத்துகிறது என்றார். தபால்காரர் வந்தபோது அது முற்றுகை ஆகியிருந்தது. மாலையில் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லும்போது மருந்துக்கு மீசை, காக்கிச் சட்டை, குதிரை எல்லாம் வந்துவிட்டன. டீச்சரின் தங்கை, அக்காவைப் பார்த்துக்கொள்ள வந்து வீட்டோடு இருந்தவள், அத்தான் இன்னும் ரெண்டு பேரிடம் சொன்னால் அந்த மருந்துக்கு நாம் பெண் பார்க்க வேண்டியிருக்கும் என்றாள்.

புது மருந்து ஏற்றுகிற நாளுக்கு முந்தைய வார இறுதியில் டீச்சருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்றில் வலி கிளம்பியது. கன்னம் பன்னாக வீங்கியது. பாலில் ஊறவைத்த ரொட்டிகூட இறங்கவில்லை. ஏற்கெனவே பாதியாக இளைத்திருந்தவள். வலி மாத்திரை போட்டும் கேட்கவில்லை. விடுமுறை, எதிர்க்கடை பூட்டிக் கிடந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்கும் நடையாய் நடந்தவள், கடைசியில் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"சரி. திறக்கறேன். ஆனா ஒரே தடவைதான். வேலை முடியற வரைக்கும் நீங்க வாயத் திறக்கக் கூடாது."

பல் டாக்டர் நாற்காலியைவிட்டு எழுந்த வேகத்தில் கண்ணாடி கீழே விழுந்தது. பின்னறையில் அவருடைய பழைய சிகிச்சை நாற்காலி இருந்தது. ஆஸ்பத்திரியை விற்றபோது அதை மட்டும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கொழுந்தியாள் அதில் துவைத்த துணி மடித்து வைப்பாள். துணிகள் பறந்தன. கருவிகள் கொதித்தன. மருந்துக்கடைக்கு ஓடி மரத்துப்போகிற ஊசிமருந்தைப் புதிதாக வாங்கி வந்தார். பொறுப்பில்லாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. அந்த வாரத்து ரத்தப் பரிசோதனையை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார்: வெள்ளணு சரி, ரத்தத்தை உறையவைக்கிற தட்டணு சரி. ஈறு உள்ளே சீழ் வைத்திருந்தது. வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றலாம்தான். அதற்கு இரண்டு மூன்று முறை மல்லாத்த வேண்டும். இவளோ ஒரே தடவைதான் திறப்பாள். பிடுங்குவதே மேல் என்று முடிவு செய்தார்.

டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே என்று தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை. ஏனென்றால் அவர் தம் வாழ்நாள் முழுக்க நாற்காலியில் நடுங்கிய ஒவ்வொருவரிடமும் ஒரே வசனத்தைச் சொல்லியிருக்கிறார்: இது ஒண்ணும் ஆபரேஷன் இல்லை, வேண்டாத விருந்தாளியை வாசல்வரை கொண்டுபோய் விடுகிறோம், அவ்வளவுதான். ஆயிரக்கணக்கான தடவை சொல்லி, அதை முதலில் நம்பினவர் அவர்தான். டாக்டரம்மா, மருந்து தொடங்குவதற்குள் ஏதாவது ஆபரேஷன் இருந்தால் சொல்லுங்கள் என்று சொன்னபோது புருஷன் பெண்சாதி இரண்டு பேருமே தலையாட்டினார்கள். இரண்டு பேர் மனதிலும் பல் வரவில்லை. பல் டாக்டர் வீட்டில் பல் பிடுங்குவதும் நகம் வெட்டுவதும் ஒரே கணக்கு.

அந்தப் பல் வந்த அழகைப் பற்றி அவர் பிற்பாடு யாரிடமும் பேசவில்லை. அது ஒன்றே போதும், பின்னால் என்ன ஆயிற்று என்று சொல்ல. பேசியிருந்தால், வெண்ணெயிலிருந்து முடி உருவினமாதிரி வந்தது என்று தொடங்கி எங்கேயோ போய் முடித்திருப்பார். உண்மையிலேயே அப்படித்தான் வந்தது. வாயைத் திறக்காமல் ஒரு வேலையை அவர் முழுசாகச் செய்து முடித்தது அதுதான் முதல் தடவை; உதட்டைக் கடித்துக்கொண்டதில் அவர் உதடுதான் வீங்கிப்போயிற்று. டீச்சர் பஞ்சைக் கடித்தபடி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பஞ்சை எடுத்ததும், இத்தனை வருஷம் வீணாக எதிர்க்கடைக்கு நடந்துவிட்டேன் என்றாள். பல் டாக்டர் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

மருந்து ஏற்றுகிற கூடத்தில் சாய்வு நாற்காலிகள் வரிசையாக இருந்தன. ஜன்னலோரத்து நாற்காலியைப் பிடிப்பதில் டீச்சர் கெட்டிக்காரி. பந்தயத்தில் இடம் பிடிக்கிறவள்போல் போய் உட்கார்ந்துவிடுவாள். அன்றும் அப்படியே உட்கார்ந்து கையை நீட்டினாள். நர்ஸ் ஊசி குத்தி உப்புநீரை ஓடவிட்டு, வழக்கமான கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனாள். சமீபத்தில் ஏதாவது ஆபரேஷன் உண்டா என்று கேட்டாள். டீச்சர் இல்லை என்றாள்.

"பல்லு புடுங்கியிருந்தாக்கூட சொல்லணும்மா. இந்த மருந்துக்கு அதுவும் ஆபரேஷன்தான்."

பல் டாக்டர் டீச்சரைப் பார்த்தார். டீச்சரும் அவரைப் பார்த்தாள். மைதானத்தையே நிறுத்துகிற பார்வை. பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, வீங்கிய கன்னம் அசையாமல் இன்னொரு தடவை சொன்னாள்:

"இல்ல சிஸ்டர்."

நர்ஸ் நம்பிவிட்டாள். மருந்துப் பையை எடுத்துவர நகர்ந்தாள். பேசாமல் இருந்தால் போதும். டீச்சர் படியை இரண்டிரண்டாக இறங்கியது அவர் கண்முன் வந்தது. தாடையில் அவர் தோண்டிவைத்திருந்த குழியும் வந்தது. புண்ணுக்கு ஆகாத மருந்து அது என்று அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. மூடாத குழி எப்படிப் போகும் என்பது அவருக்குத் தெரியும். வெளியே தெரிகிற எலும்பு, செத்துப்போகிற எலும்பு, நிற்காத ரத்தம் எல்லாம் பார்த்தவர். பேசக் கூடாத இடத்திலெல்லாம் பேசி வாங்கிக் கட்டிக்கொண்ட மனிதர், பேசியே ஆகவேண்டிய இடத்தில் வாயைத் திறக்க முடியாமல் நின்றார். குரல் வந்தபோது கூடம் முழுக்கக் கேட்டது.

"நான்தான் புடுங்கினேன்."

எதை என்று நர்ஸ் கேட்டாள். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டாள்.

டாக்டரம்மா வந்தார். கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் இவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். குழியை எட்டிப் பார்த்தார், சுத்தமாகச் செய்திருக்கிறீர்கள் என்றார். அது பாராட்டாகவே இல்லை. வேர் சிகிச்சையாக இருந்தால் மருந்தைத் தள்ளிவைக்க வேண்டியிருக்காது, புண் இருக்காதே என்றும் சொன்னார். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"புண்ணு ஆறணும்னாலும் புது ரத்தக் குழாய் வளரணும் சார். அதையும் அதே காரணிதான் வளர்க்குது. மருந்துக்கு ஆள் தெரியாது. ரத்தத்துல அந்தக் காரணிய யார் அனுப்பினாலும் புடிச்சு வச்சுக்கும், கட்டி அனுப்பினாலும் சரி, ஈறு அனுப்பினாலும் சரி."

"கொஞ்சமா ஏத்தக் கூடாதா?" என்றார் பல் டாக்டர்.

"ஈறு மூடட்டும். அதுக்கப்புறம்தான்."

பழைய மருந்தை மட்டும் ஏற்றி அனுப்பினார்கள். வழியெல்லாம் டீச்சர் காருக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கையைக் கூப்பிட்டு, அந்த மனுஷனிடம் சொல்லு, அவர் வாய் இன்றைக்குத்தானா திறக்கணும் என்று கேளு என்றாள். தங்கை அவரிடம் வந்து அதை அப்படியே சொல்லி, தன் பங்குக்கு ஒன்று சேர்த்தாள்.

"அத்தான், ஊர்ல எத்தனை வாய் இருக்கு. உங்க கை அங்கெல்லாம் போகக் கூடாதா?"

அவர் பின்னறைக்குப் போய், ஏற்கெனவே கொதிக்கவைத்த கருவிகளைத் திரும்பவும் கொதிக்கவைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்து, என்ன சார் குரலே காணோம், ஊருக்குப் போயிருந்தீர்களா என்று விசாரித்தார்.

வேடிக்கை என்னவென்றால், டீச்சர் அவரோடு பேசவில்லையே தவிர, தினமும் காலையில் பின்னறைக்குத் தானே போய், அந்த நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு கிடப்பாள். ஒரே தடவை என்று சொன்ன வாய். அவர் விளக்கையும் சின்னக் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு குனிவார். அவள் கூரையைப் பார்ப்பாள். அவர் பார்த்து முடித்ததும் எழுந்து போய்விடுவாள். என்ன பார்த்தார் என்று தங்கை வந்து கேட்டுக்கொண்டு போவாள்.

அவர் பார்த்தது இதுதான். முதலில் குழி நிறையக் கருத்த ரத்தக்கட்டு. பிறகு அதன் ஓரங்களில் சிவப்பு. மாதுளை முத்தைப் பிளந்து ஒட்டிவைத்த மாதிரி, மொட்டு மொட்டாக, பளபளவென்று. தொட்டால் கசியும், அவ்வளவு புத்தம்புதுக் குழாய்கள். தொழில் செய்த காலத்தில் இந்தச் சிவப்பைக் கண்டால் அவருக்குத் தலைகால் புரியாது. நோயாளிக்கே கண்ணாடி பிடித்துக் காட்டி, பாருங்கள் உள்ளே கொத்தனார்கள் வேலை செய்கிறார்கள், கூலி கேட்காத கொத்தனார்கள் என்பார். ஒரு வங்கி அதிகாரி தம் ஈறைத் தாமே பார்த்து மயங்கி விழுந்ததும் உண்டு. இப்போது அதே சிவப்பைப் பார்க்கும்போது, வா, சீக்கிரம் வா என்று மனம் கூப்பிட்டது. கூப்பிட்ட அதே நொடியில், கல்லீரலிலும் இப்படித்தானே மொட்டுவிடும் என்று தோன்றியது. அங்கே விளக்கு பிடிக்க முடியாது. அங்கேயும் இதே பளபளப்பு, இதே அவசரம், கூலி கேட்காத அதே கொத்தனார்கள். இங்கே வாருங்கள், அங்கே போகாதீர்கள் என்று அவர் உதட்டுக்குள் முணுமுணுத்தார். எல்லாச் சாலைக்கும் ஒரே விளக்கு எரிகிற சந்தியில் நின்று கையை ஆட்டுகிற போக்குவரத்துப் போலீஸ்காரர் மாதிரி இருந்தது அவர் பாடு.

எது செய்தாலும் இடித்தது. நன்றாகச் சாப்பிட்டால் ஈறு ஆறும் என்று முட்டையும் பாலும் கொடுக்கச் சொன்னார். அதைக் கட்டியும் தின்னுமோ என்று இரண்டாவது முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். வாராவாரம் ஏறுகிற பழைய மருந்து கட்டியை எவ்வளவு அடக்கியதோ தெரியாது, ஈறை நன்றாகவே அடக்கியது. ஏற்றிய மறுநாள் சிவப்பு வெளுத்துவிடும். தங்கை பார்த்துவிட்டு, அத்தான் அந்த முட்டையை ஒன்று கொடுங்கள், இல்லை அடைகாத்துக் குஞ்சாவது பொரியுங்கள் என்றாள்.

பொறுக்க முடியாமல் ஒருநாள் டாக்டரம்மாவிடம் தனியாகப் போனார். ரத்தத்தில் அந்தக் காரணி எவ்வளவு சுற்றுகிறது என்று அளந்து பார்க்கலாமா என்று கேட்டார். அளந்தால் உள்ளே என்ன நடக்கிறது என்றாவது தெரியுமே.

"அளக்கலாம் சார். ஆனா யார் அனுப்பினாங்கன்னு அதுல தெரியாது. கட்டி அனுப்பினதும் இருக்கும், ஈறு அனுப்பினதும் இருக்கும். தட்டணுவுக்குள்ளயே கொஞ்சம் இருக்கு, எடுத்த ரத்தம் சோதனைக் குழாயில உறையும்போது அதுவும் வெளிய வந்துடும். அந்த அளவை வச்சு நான் உங்களுக்கு என்ன சொல்ல?"

அவர் தலையாட்டினார். ஸ்கேன் எடுத்திருந்தார்கள். புள்ளிகள் கொஞ்சம் பெருத்திருந்தன. புதிதாக வந்ததா, பெருத்ததா, எவ்வளவு, என்ன என்று அடுக்கடுக்காகக் கேட்கிற மனிதர், கொஞ்சம் என்ற சொல்லோடு நின்றுகொண்டார். டாக்டரம்மா தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார்: ஈறு மூடிவிட்டது என்று நீங்கள் சொல்லிக் கேட்கமாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள், வேறு ஒரு பல் டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், அன்றைக்கே ஆரம்பித்துவிடலாம்.

வேறு ஒரு பல் டாக்டர் என்றால் யார். டீச்சருக்கு ஒரே ஆள்தான்.

தெருவைக் கடந்து அந்தப் படியில் பல் டாக்டர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் பழைய ஆஸ்பத்திரி இருந்த கட்டடத்தில் இப்போது செல்போன் கடை. எதிர்க்கடைக்கும் வயதாகிவிட்டது, கை லேசாக நடுங்கியது. அவர் இவரை 'வாங்க சார்' என்று உள்ளே அழைத்ததிலோ, உட்கார நல்ல நாற்காலியைக் காட்டியதிலோ ஒரு குத்தலும் இல்லை. இவர் வழிநெடுக யோசித்து வைத்திருந்த பதிலடிகளெல்லாம் வீணாகிப்போயின. காத்திருந்தபோது டீச்சர் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, அந்த ஆஸ்பத்திரி நாளுக்குப் பிறகு முதல் தடவையாக அவரிடம் நேரே பேசினாள்.

"அவர் சரின்னா சரி. நீங்க குறுக்க பேசக் கூடாது."

"பேசல."

"எனக்கு அந்த மருந்து வேணும்ங்க."

குரலில் விசில் இல்லை. அவர் வெறுமனே அவள் கைப்பையின் வாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உள்ளே எதிர்க்கடை வெகுநேரம் பார்த்தார். விளக்கைத் திருப்பினார், காற்றை ஊதினார், திரும்பவும் பார்த்தார். அவருக்கு விஷயம் முழுக்கத் தெரிந்திருந்தது, டாக்டரம்மா பேசியிருப்பார். மூன்று பக்கமும் அருமையாக வந்திருக்கிறது என்றார். நாக்குப் பக்கத்து ஓரத்தில் மட்டும் கொஞ்சம் என்று இழுத்தார். டீச்சரின் கண்கள் அவரையே பிடித்துக்கொண்டிருந்தன. இத்தனை வருடப் பழக்கம். அவர் இல்லை என்று சொல்ல மனமில்லாமல் கண்ணாடியை இவர் பக்கம் நீட்டினார்.

"நீங்களே பாருங்க சார். உங்களுக்குச் சரின்னு பட்டா, நான் சரின்னு சொல்லிடறேன்."

பல் டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டார். குனிந்தார். பிங்க் நிறத்தில் புதுத்தோல் மூன்று பக்கமிருந்தும் ஏறிவந்திருந்தது. நடுவில் சிவப்பு. ஓரத்தில், கடுகைப் பாதியாக உடைத்தால் எவ்வளவோ அவ்வளவு, வெள்ளை. பார்க்காதவர் பார்க்காமலே விட்டுவிடலாம். எச்சிலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டு விரலை உள்ளே விட்டுத் துடைத்தார். போகவில்லை. விரல்நுனியில் கரகரவென்று பட்டது. எலும்பு.

வாழ்நாள் முழுக்கப் பஸ்ஸை ரயிலாக்கியவர் அவர். பாதிக் கடுகை ஒன்றுமில்லை என்றாக்குவது அவருக்கு எம்மாத்திரம். விரலை எடுக்காமலே நின்றார். டீச்சர் அவரைக் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூடல," என்றார்.

டீச்சர் வாயை மூடினாள். அவர் விரல் உள்ளேயே இருந்தது. மேலும் கீழும் பற்கள் அதன்மேல் இறங்கின. எதிர்க்கடை பதறி ஒரு அடி முன்னால் வந்து, பிறகு என்ன நினைத்தாரோ, விளக்கை அணைத்துவிட்டுக் கை கழுவுகிற பக்கம் போய்விட்டார்.

கடிக்கிற நோயாளியிடமிருந்து விரலை எப்படி எடுப்பது என்று தொழிலில் முதல் வாரமே கற்றுக்கொள்வார்கள். கன்னத்தை வெளியிலிருந்து ஒரு அழுத்து அழுத்தினால் வாய் தானாகத் திறக்கும். அவர் இன்னொரு கையைத் தூக்கவில்லை. வலிக்குக் காத்திருந்தார். அவள் கண்ணை இறுக மூடி, கழுத்து நரம்பு புடைக்க, தன்னிடம் இருந்ததையெல்லாம் சேர்த்துத்தான் கடித்தாள். கையுறைகூடக் கிழியவில்லை.